ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம்

(தென்காசியில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குற்றாலத்து அருவியில் நின்று, உதடு நீலம் பாரித்துப் பசியோடு வெளியே வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பார்டர் கடைக்கு எப்படிப் போகணும்?" பிரானூரில் பரோட்டாவும் கோழியும் கிடைக்கும் அந்தக் கடைகளின் பெயர் இன்று சென்னை வரைக்கும் பலகையேறிவிட்டது. இலையில் விழுந்த பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே ஒரு பிள்ளை, "எந்த பார்டர்ப்பா?" என்று கேட்டால் அப்பா என்ன சொல்வார்? கேரள எல்லை அங்கே இல்லை. அது இன்னும் மேற்கே, செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, மலை ஏறும் இடத்தில் இருக்கிறது. பிரானூரில் இருந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேரும் வரை நீடித்த எல்லை. கிழக்கே பிரிட்டிஷாரின் சென்னை மாகாணம், திருநெல்வேலி ஜில்லா. மேற்கே திருவிதாங்கூர் மகாராஜாவின் செங்கோட்டை. எல்லை போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் பரோட்டாவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

வெள்ளைக்காரன் காலத்து அன்றாட வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைக்குமா என்பது சந்தேகம். அந்த வகுப்பறையை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இன்றைய பேச்சு.

பள்ளிக்கூடத்தில் அந்தக் காலம் எப்படிச் சொல்லப்படுகிறது? பாளையக்காரர்கள் வருகிறார்கள், ரயத்துவாரி வருகிறது, சட்டங்களும் மாநாடுகளும் வருகின்றன. நெற்கட்டும்செவல் புலித்தேவர் இந்த மாவட்டத்துக்காரர். செங்கோட்டை வாஞ்சிநாதன் பக்கத்து ஊர்க்காரர். அவர்கள் கதையைப் பிள்ளைகள் அறிந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த நூற்றைம்பது ஆண்டுகளில் சண்டை நடந்த நாள்கள் கொஞ்சம், நடக்காத நாள்கள் ஏராளம். அந்த ஏராளமான நாள்களில் பத்து வயதுப் பிள்ளை காலையில் எதைக் குடித்தது, எதில் எழுதியது, இரவில் எந்த வெளிச்சத்தில் சோறு தின்றது, கையில் கிடைத்த ஒரு காசுக்கு என்ன வாங்கியது? ஆட்சி என்பது அந்தப் பிள்ளையின் கைக்கு எந்த உருவத்தில் வந்து சேர்ந்தது? இந்தக் கேள்விகளுக்குப் பாடநூலில் இடம் குறைவு. ஊரில் இடம் நிறைய இருக்கிறது.

காசிலிருந்தே தொடங்கலாம். 1920 வாக்கில் தென்காசியில் வசிக்கும் ஒரு பிள்ளையை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அதன் மடியில் ஓரணா இருக்கிறது. பன்னிரண்டு தம்பிடி ஓரணா, பதினாறு அணா ஒரு ரூபாய். அந்த ஓரணாவோடு ஐந்து மைல் நடந்து செங்கோட்டைக்குப் போனால் கணக்கே மாறிவிடுகிறது. திருவிதாங்கூரில் பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு. அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம்.

இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் நின்றால் போதும். ஓரணாவுக்கு எத்தனை காசு என்று பிள்ளைகளே போட்டுப் பார்ப்பார்கள். இருபத்தெட்டரைச் சக்கரத்தைக் காசாக்கினால் 456. அதைப் பதினாறு அணாவுக்குப் பங்கிட்டால் ஓரணாவுக்கு இருபத்தெட்டரைக் காசு. அதாவது ஒரு சக்கரமும் பன்னிரண்டரைக் காசும். இங்கே எப்படியும் ஒரு பிள்ளை கையைத் தூக்கும்: "சார், அரைக்காசு யாருக்குப் போகும்?" அந்தக் கேள்வி வந்த நிமிடத்தில் வரலாற்றுப் பாடம் தொடங்கிவிட்டது. நாணய மாற்றில் யார் லாபம் பார்த்தார்கள், கடன் எழுதும்போது எந்த நாணயத்தில் எழுதினார்கள், வயற்காட்டில் கூலியை நெல்லாக வாங்கியவருக்கு இந்தக் கணக்கால் ஏதேனும் உண்டா என்று கேள்விகள் ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று வரும். நூறு பைசா கொண்ட ரூபாய் வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதிதான் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். வீட்டில் ஆச்சி இன்னமும் நாலணா, எட்டணா என்று பேசுவது ஏன் என்று பிள்ளைக்குப் புரியும்.

கடிதமும் இதே போலத்தான். பிரிட்டிஷ் இந்தியாவில் 1879இல் காலணா விலையில் அஞ்சலட்டை வந்தது. காலணாவுக்குக் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கல்கத்தா வரைக்கும் சேதி போகும் என்பது அந்தத் தலைமுறைக்குப் பெரிய அதிசயம். எல்லைக்கு அப்பால் திருவிதாங்கூர் அரசு தனக்கென்று வேறொரு தபாலை வைத்திருந்தது. அதன் பெயரே அஞ்சல். முத்திரையில் சங்கு. மணி கட்டிய கோலோடு ஓடிவரும் அஞ்சலோட்டக்காரருக்கு வழி விடுவார்கள். 1951இல் அது இந்தியத் தபால் துறையோடு கலந்தது. அஞ்சல் என்ற சொல் மட்டும் இன்று தமிழகத்துத் தபால் நிலையம் ஒவ்வொன்றின் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. செங்கோட்டை நுழைவாயில் வளைவில் அதே சங்கு முத்திரையைப் பிள்ளைகளே நேரில் பார்க்கலாம். பார்த்துவிட்டுக் குற்றாலம் திரும்பும்போது, அங்கே இன்றைக்கும் கேரள அரசின் பொறுப்பில் இருக்கும் திருவிதாங்கூர் அரண்மனையையும் காட்டலாம். தமிழ்நாட்டுக்குள் கேரளத்துக்கு எப்படி ஓர் அரண்மனை என்று அவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

எல்லை என்பது நாணயமும் முத்திரையும் மட்டுமல்ல. ஒரு பிள்ளையின் உடம்பு யாருக்குச் சொந்தம் என்பதும் அந்தக் கோட்டில் மாறியது. கம்பெனி ஆட்சிப் பகுதியில் அடிமைத்தனத்தை நீதிமன்றங்கள் ஏற்காது என்ற சட்டம் 1843இல் வந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை முழுதாக ஒழிக்கப்பட்டது 1855இல். இடையே பன்னிரண்டு ஆண்டு. கிழக்கே ஒரு வயற்காட்டில் பிறந்த பிள்ளைக்கும், கண்ணுக்கெட்டும் தூரத்தில் மேற்கே பிறந்த பிள்ளைக்கும் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் சட்டத்தின் முன் வேறு வேறு நிலை. சட்டம் வந்ததும் கிழக்கே எல்லாம் மாறிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஏட்டில் வந்தது வயலுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் ஏட்டில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் உணர வேண்டும்.

இன்னொரு முறை அதே கோடு எதிர்த்திசையில் வேலை செய்தது. 1936 நவம்பர் 12ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். அரசின் கீழிருந்த கோயில்கள் இந்துக்கள் அனைவருக்கும் திறந்தன. சென்னை மாகாணத்தில் வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8. அதன் பிறகுதான் இங்கே சட்டம். நடுவே இரண்டரை ஆண்டுக்கு மேல் செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைக்கு அரசாணை திறந்துவிட்ட கதவு, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைக்குச் சாத்தியே இருந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்காரன் ஆட்சி, மறுபக்கம் ராஜாவின் ஆட்சி. எது நல்லது, எது கெட்டது என்று ஒற்றை வரியில் விடை எழுதிப் பழகிய பிள்ளைகளை இந்த இரண்டு எடுத்துக்காட்டும் திணற வைக்கும். அந்தத் திணறல் அவர்களுக்குத் தேவை. ஆசிரியர் அவசரப்பட்டு விடை சொல்லிவிடக் கூடாது.

இனி குற்றாலத்துக்குப் போவோம்.

சாரல் காலத்தில் கடைவீதியில் மங்குஸ்தான் குவிந்து கிடக்கும். பிள்ளைகளுக்குப் பிடித்த பழம். தோலைத் தட்டி உடைத்தால் உள்ளே வெள்ளைச் சுளை. அது நம் மலைப் பழம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மங்குஸ்தானின் தாயகம் மலாய்ப் பகுதி. ஜாதிக்காயும் கிராம்பும் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து புறப்பட்டவை. அந்தத் தீவுகளை டச்சுக்காரர்களிடமிருந்து 1796இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிடித்ததும் அங்கிருந்த வாசனை மரக் கன்றுகளைத் தங்கள் ஆட்சியிலிருந்த ஊர்களில் நட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். மழையும் நிழலும் ஈரக்காற்றும் கொண்ட குற்றாலம் அவர்கள் கண்ணில் பட்டது. கம்பெனியார் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் போட்ட கதை அதுதான். அந்தத் தோட்டத்தோடு மங்குஸ்தானும் வந்தது. பல நூறு காதத்துக்கு அப்பால் நடந்த ஒரு சண்டையின் பலன், தென்காசிப் பிள்ளையின் கையில் சிவப்புக் கறையாக ஒட்டுகிறது. ஒரு பழத்தையும் ஓர் உலகப் படத்தையும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிடலாம். வேறொன்றும் வேண்டாம்.

1792இல் தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள் இந்தப் பக்கம் வந்து பாபநாசத்து அருவியையும் குற்றாலத்து அருவியையும் வரைந்து போனார்கள். 1830களில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் குற்றால மலையில் செடிகொடிகளைச் சேகரித்தார். இன்றும் பல தாவரங்களின் அறிவியல் பெயரில் வைட் இருக்கிறார். அவருடைய நூல்களுக்குப் படம் வரைந்த கைகள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்களுடையவை. டேனியல் ஓவியத்தின் படியைப் பிள்ளைகள் முன் வைத்து, "இதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை?" என்று கேட்கலாம். அந்த ஓவியர்களுக்குச் சோறு பொங்கியவர் யார், சுமை தூக்கியவர் யார், காட்டில் வழி காட்டியவர் யார்? செடியின் பெயரைக் கேட்டறிய வைட் யாரிடம் போயிருப்பார்? பெயர் பதிவானவர்களையும் பதிவாகாதவர்களையும் சேர்த்துத் தேடும் பழக்கம் இப்படித்தான் வரும்.

காலத்தைப் பற்றி ஒரு பாடம் தனியாகவே வேண்டும். 1904இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் வந்தது. பதின்மூன்று கண் பாலத்தையும் ஆரியங்காவுச் சுரங்கத்தையும் பார்த்த பிள்ளைகள் இந்த அவையில் உள்ளவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். பாலத்தின் அழகைச் சொல்கிறோம். அந்தப் பாலம் ஊருக்குக் கொண்டுவந்த நிமிடம் என்ற ஒன்றைச் சொல்வதில்லை. அதற்கு முன் நாள் என்பது அறுபது நாழிகை. நாழிகைக்கு இருபத்துநாலு நிமிடம் என்று இன்று கணக்குச் சொல்கிறோம். அன்று அதைச் சொன்னது நிழல், கோயில் மணி, கோழி. வண்டி நிழலுக்குக் காத்திருக்காது. ரயில்வேக்காரர்கள் வைத்திருந்தது சென்னை நேரம். 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய நேரத்தைவிட அது ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்தங்கியது. ஒரு நாள் முழுக்க வகுப்பறைக் கடிகாரத்தை மறைத்துவிட்டு, முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலை வைத்து நாழிகை சொல்லச் செய்தால் பிள்ளைகள் இந்த மாற்றத்தை உடம்பால் அறிவார்கள். மதியத்துக்கு மேல் மழை மேகம் மூடினால் இன்னும் நல்லது. சாரல் காலத்தில் நிழலே விழாத ஊரில் நேரம் எப்படித் தெரிந்தது என்ற கேள்வி தானாக வரும்.

வீட்டு விளக்கும் அப்படித்தான். ஆமணக்கெண்ணெயும் புன்னையெண்ணெயும் எரிந்த மாடத்தில் சீமையெண்ணெய் வந்து உட்கார்ந்தது. தீக்குச்சி கப்பலில் வந்தது. சிவகாசிக்காரர்கள் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பித் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது 1923இல். அதற்குச் சற்று முன்புதான், இந்த மாவட்டத்துக் கடையத்தில் மனைவி செல்லம்மாளின் ஊரில் பாரதி வாழ்ந்தார், 1918 இறுதியிலிருந்து 1920 வரை. அங்கிருந்து நண்பர்களுக்கு அனுப்பிய அச்சிட்ட சுற்றறிக்கை ஒன்றில், தம் நூல்கள் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போல எங்கும் சாதாரணமாக விற்க வேண்டும் என்ற ஆசையைச் சொன்னார். ஒரு கவிஞருக்கு உவமை கிடைத்த இடத்தைப் பாருங்கள். ஊர்தோறும் கடைதோறும் போய்ச் சேர்ந்த பொருள் எது என்று அன்று கேட்டால் விடை அந்த இரண்டும்தான். பாரதியைச் செய்யுளாக மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, கடையத்துத் தெருவில் தீப்பெட்டி வாங்கிய மனிதராகவும் அவரைக் காட்ட வேண்டும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது எச்சரிக்கை வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் நெகிழ்ந்து போகிறவர்கள் உண்டு. மணலில் விரலால் எழுதியது, பனையோலையில் எழுத்தாணி பிடித்தது, எண்சுவடி ஒப்பித்தது எல்லாம் உண்மை. தாமஸ் மன்றோ சென்னை மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லி, 1826இல் அறிக்கை முடித்தபோது 12,498 பள்ளிகளும் ஏறக்குறைய 1,88,000 மாணவர்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரன் வந்துதான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தான் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு நல்ல பதில். மாகாணி வாய்பாட்டை, அதாவது பதினாறில் ஒன்றின் வாய்பாட்டைப் பாடிப் பழகிய பிள்ளைக்கு, ரூபாயில் பதினாறில் ஒரு பங்கான அணா கணக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கல்வி அவ்வளவு கூர்மையானது.

அதே கணக்கில் பெண்பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் குறைவு. ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சேரிப் பிள்ளைகள் அந்தத் திண்ணையில் உட்கார முடியாது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. திண்ணைப் பள்ளியைப் பற்றி நாடகம் போடும் வகுப்பில், முப்பது பிள்ளைகளையும் திண்ணையில் உட்காரவைப்பது பொய். யார் உள்ளே, யார் வெளியே, வெளியே இருந்த பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் நாடகத்தில் வர வேண்டும்.

அது ஆடு மேய்த்துக்கொண்டிருந்திருக்கும், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டிருந்திருக்கும். அல்லது ஆலைக்குப் போயிருக்கும். பாபநாசம் அடிவாரத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி ஆலை 1885 வாக்கில் அருவித் தண்ணீரின் வேகத்தில் ஓடத் தொடங்கியது. அதற்குச் சற்று முன் வந்த 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்கள் ஒரு நாளைக்கு ஒன்பது மணிநேரம் உழைக்கலாம். 1891இல் வயது ஒன்பதாயிற்று, நேரம் ஏழு மணியாயிற்று. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் ஏழு வயது நிரம்பியவர்கள் கைதூக்கச் சொன்னால் எல்லாக் கைகளும் மேலே இருக்கும். பிறகு ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

இன்னும் சில பிள்ளைகள் கங்காணியின் பின்னே தூத்துக்குடிக்குப் போய், கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போனார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்படிப் போன கதையைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதினார். அது பிள்ளைகள் படிக்கும் கதை அல்ல. பாடம் நடத்தும் ஆசிரியர் கட்டாயம் படித்துவிட்டு வகுப்புக்குள் போக வேண்டிய கதை.

வாஞ்சிநாதனையும் இந்த இடத்தில் சொல்லலாம். 1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையம். கொடைக்கானல் போகும் வழியில் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பிள்ளைகளுக்குத் துப்பாக்கி மட்டும் நினைவில் நிற்கும். அந்த ஒற்றைக் காட்சிக்குள் அன்றாட வாழ்க்கை முழுதும் அடங்கியிருக்கிறது. கோடை வந்தால் கலெக்டர்கள் ஏன் மலைக்குப் போனார்கள்? முதல் வகுப்பில் யார், மூன்றாம் வகுப்பில் யார்? திருவிதாங்கூர்க் குடிமகனாகிய, புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்த இளைஞர், பிரிட்டிஷ் ஜில்லாவின் கலெக்டரைத் தேடி எல்லை கடந்து வந்தது எதனால்? வீரக்கதைக்கு இதனால் எந்தக் குறைவும் வராது. அது நடந்த உலகம் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சுதந்திர தினத்துக்கு மாறுவேடப் போட்டி நடக்கிறது. கட்டபொம்மன் நாலு பேர், ஜான்சி ராணி ஆறு பேர், நேரு, காந்தி. ஜில்லா கச்சேரியில் பங்கா விசிறி இழுத்தவராக ஒரு பிள்ளையும் வருவதில்லை. அஞ்சலோட்டக்காரர், ஏற்றம் இறைத்தவர், மருத்துவச்சி, உப்பு சுமந்து விற்ற பெண், ரயில் பாதையில் ஜல்லி தட்டியவர் எவரும் மேடையேறுவதில்லை. அடுத்த ஆண்டு ஒரே ஒரு பள்ளியாவது இதை மாற்றிப் பார்க்கட்டும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற ஊரை, பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்தபடியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். கொல்லன் பட்டறை, அச்சுக்கூடம், அடுப்படி எல்லாம் உயிரோடு இயங்கும். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அந்த ஊரில் அன்று வாழ்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பின மக்கள், பெரும்பாலும் அடிமைகள். பல ஆண்டுகள் அவர்களைக் காட்டாமலே அந்த ஊர் அழகாக நடந்தது. 1979 வாக்கில்தான் அவர்கள் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார்கள். 1994இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. வலியை வேடிக்கையாக்கக் கூடாது என்றார்கள் சிலர், மறைப்பது அதைவிட மோசம் என்றார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நம் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996இல் திறக்கப்பட்டது. பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து கட்டியிருக்கும் அருமையான இடம். அங்கே போகும் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இந்த முற்றத்தைப் பெருக்கியவர் எங்கே தூங்கினார்?

இந்தப் பேச்சில் மிக முக்கியமாகச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

இப்படிப் பாடம் நடத்த விரும்பும் நல்ல ஆசிரியர்கள் முதலில் செய்வது, "வீட்டிலிருந்து பழைய பொருள் ஒன்று கொண்டு வாருங்கள்" என்று சொல்வது. மறுநாள் ஒரு பிள்ளை பித்தளை உழக்கு கொண்டு வரும், ஒன்று அரிக்கேன் விளக்கு கொண்டு வரும், ஒன்று கொல்லம் ஆண்டு போட்டு ராஜா தலை முத்திரையோடு இருக்கும் கிரயப் பத்திரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டு வரும். எல்லோரும் கைதட்டுவார்கள். கடைசி பெஞ்சில் நாலு பிள்ளைகள் ஒன்றும் கொண்டு வராமல் தலை குனிந்திருக்கும். அவர்கள் மறந்துவிடவில்லை. அவர்களின் பூட்டன் வீட்டில் பித்தளை கிடையாது. பத்திரம் எழுத நிலம் கிடையாது. மண்சட்டி உடைந்து மண்ணோடு போயிற்று, கூரை ஓலை மக்கிப் போயிற்று. இன்னொரு வீட்டில் பூட்டனின் பெருவிரல் ரேகை இருக்கலாம், ஆனால் கிரயப் பத்திரத்தில் அல்ல. குற்றப்பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்து, தென்மாவட்டங்களில் கள்ளர், மறவர் சமூகங்களின் சில பிரிவுகளும் பட்டியலில் ஏறியபோது, ஆண்கள் போலீஸ் பதிவேட்டில் வைத்த ரேகை அது. இந்த மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல்.

ஆகவே பொருளை வீட்டிலிருந்து கேட்காமல் பள்ளியே சேர்க்க வேண்டும். பழைய பாத்திரக் கடையில் அரைப்படியும் மரக்காலும் எடைக்கு எடை கிடைக்கின்றன. குற்றாலத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. வீட்டிலிருந்து கேட்க வேண்டியது வேலையை. "ஆச்சியின் அம்மா என்ன வேலை செய்தார்? எத்தனை மணிக்கு எழுந்தார்? கூலி எதில் வாங்கினார்? எவ்வளவு தூரம் தண்ணீருக்கு நடந்தார்?" இந்தக் கேள்விக்கு விடை இல்லாத வீடு கிடையாது. நடவுப் பாட்டும் பீடி சுற்றும் கணக்கும் அந்த நாலு பிள்ளைகள் வீட்டில்தான் கூடுதலாக இருக்கும். சிலர் வீட்டுக் கதையில் அவமானம் இருக்கும். அதை வகுப்பில் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது. எழுதிக் கொடுக்கட்டும், பெயர் போடாமலும் கொடுக்கட்டும்.

சாப்பாட்டையும் கேட்கலாம். நீராகாரம் போய்க் காப்பி வந்த கதை ஒரு வீட்டில். மரச்சீனிக்கிழங்கின் கதை இன்னொரு வீட்டில். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் பரப்பிய அந்தக் கிழங்கு, 1942இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்து அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது எத்தனையோ வயிறுகளைக் காத்தது. தொண்ணூறு வயதைத் தொட்ட பெரியவர்கள் சிலருக்கு அந்தப் பஞ்சகாலம் நேரில் நினைவிருக்கிறது. அவர்களிடம் கேட்கும் வாய்ப்பு இன்னும் எத்தனை சாரலுக்கு இருக்கும்?

கடைசியாக ஒரு சோதனை. எந்த வகுப்பிலும் செய்து பார்க்கலாம். "நூறு வருஷத்துக்கு முந்தைய தென்காசியை வரையுங்கள்" என்று சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளும் முதலில் காசிவிசுவநாதர் கோயில் ராஜகோபுரத்தை உயரமாக வரைந்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கும். அந்தப் படம் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோபுரம் சிதைந்து, பிளந்த மொட்டைக் கோபுரமாக நின்றது. புதிய ராஜகோபுரம் எழும்பிக் குடமுழுக்கு நடந்தது 1990இல். வெள்ளைக்காரன் காலத்துத் தென்காசிப் பிள்ளை ஒன்றுகூட இன்றைய கோபுரத்தைப் பார்த்ததில்லை. ரயிலில் வந்திறங்கியவர் கண்ணில் பட்டது அந்தப் பிளவுதான்.

இந்த அவையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். மொட்டைக் கோபுரத்தைக் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். நாளைக்கு உங்கள் தெருவில் ஒரு பிள்ளை படத்தாளும் அழிப்பானுமாக வாசலில் வந்து நின்றால், கொஞ்சம் நேரம் ஒதுக்கி, பிளவு எந்தப் பக்கம் இருந்தது, அதன் இடுக்கில் என்ன செடி முளைத்திருந்தது, புறாக்கள் எங்கே அடைந்தன என்று சொல்லிக்கொடுங்கள்.